எழுபது வளைவு இறங்கி டயாலிசிஸ்: எட்டு மாதம் கழித்துத் தெரிந்த ஒரு விஷயம்

கொல்லிமலைக்கு வந்து போனவர்களுக்குக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் மறந்திருக்காது. பைக்கில் வருகிற பையன்கள் வளைவுக்கு வளைவு நின்று போட்டோ எடுப்பார்கள். நான் அந்த வளைவுகளை எண்ணியது வேறு கணக்கில். டயாலிசிஸ் முடிந்து ஏறும்போது அப்பாவுக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்று பார்த்து வைத்திருந்தேன். 30 தாண்டினால் பாலித்தீன் பையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்வேன். 45-க்கு மேல் போய்விட்டால் அன்று தப்பித்தோம் என்று அர்த்தம். வாரத்தில் இரண்டு நாள் இப்படி. எட்டு மாதத்தில் கைக்காசு ஒன்றே முக்கால் லட்சம் போனது. திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதம் 16,000 வாங்கிக்கொண்டிருந்த வேலையும் போனது. இதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாமல் பட்ட கஷ்டம் என்று கடைசியில்தான் தெரிந்தது. மலையிலும் காட்டோரத்திலும் இருக்கிற யாராவது ஒருவர் வீட்டில் இதே கதை இப்போது தொடங்கியிருக்கும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளம் இல்லை, இந்த மலைக்காரர்கள். செம்மேட்டிலிருந்து 9 கிலோமீட்டர் உள்ளே வீடு. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, நாலு பலா மரம். அப்பாவுக்குப் பல வருடமாக மூட்டு வலி. சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடையில் "வலி மாத்திரை" என்று கேட்டு வாங்கி, மிட்டாய் மாதிரி சட்டைப் பையில் வைத்திருப்பார். மிளகு பறிக்கிற மாதங்களில் ஏணி ஏறி இறங்க வேண்டும், அப்போது தினமும் இரண்டு. ரத்த அழுத்தம் இருந்ததும் யாருக்கும் தெரியாது. 2022 ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு நான் ஊருக்கு வந்தபோது அவர் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. சோறு பிடிக்கவில்லை, வாயில் ஏதோ இரும்பு மாதிரி ருசி என்றார். கீழே கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 11.4, ஹீமோகுளோபின் 6.2. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது என்றார்கள்.

கிரியேட்டினின் சோதனையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்கிற சோதனையும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் அந்தக் காசும் வேண்டாம். வீட்டில் யாராவது வருடக்கணக்கில் வலி மாத்திரை போடுகிறார்களா, பிரஷர், சுகர் இருக்கிறதா, வருடம் ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு 3 வருடம் முன்னால் பார்த்திருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். அதைக் கேட்ட அன்று இரவு தூங்கவில்லை.

பயத்தில் முதலில் போனது தனியார் ஆஸ்பத்திரி. கழுத்தில் குழாய் போட்டு, 4 நாள் ஐசியுவில் வைத்து, 5 டயாலிசிஸ். பில் 86,000. அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. அடுத்த பட்டத்து மிளகைக் கொடியில் இருக்கும்போதே வியாபாரிக்கு விலை பேசி முன்பணம் வாங்கினேன். கிலோவுக்கு என்ன விலை போட்டார் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் போதும், டயாலிசிஸும் அதில் வரும். ஆனால் எங்களிடம் அட்டை இல்லை. ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. ஒன்றில் தாத்தா பெயரின் முதல் எழுத்து, இன்னொன்றில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்து. வருமானச் சான்றுக்கு 11 நாள். கவுன்ட்டரில் இருந்தவர் சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு "மலையாளியா? கேரளாக்காரங்களுக்கு இங்க எப்படிப்பா?" என்று கேட்டார். ஆள் ஐசியுவில் கிடக்கும்போது மானுடவியல் பாடம் எடுக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? உடம்பு நன்றாக இருக்கும்போதே ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். காப்பீட்டு அட்டையை இன்றைக்கே எடுத்து வையுங்கள். எனக்கு அந்த 86,000 போனது ஒரே ஓர் எழுத்தால்.

அந்த ஆஸ்பத்திரி இன்னொன்றும் செய்தது. குளுக்கோஸ் ஏற்றவும் ஊசி போடவும் அப்பாவின் இடது முன்கையில்தான் நாலு நாளும் குத்தினார்கள். டயாலிசிஸுக்கு நிரந்தர வழி ஃபிஸ்டுலா. கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். சிரை தடித்து, ஊசி குத்தத் தயாராக ஆறு எட்டு வாரம் ஆகும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது கையில் போடுவார்கள். அப்பாவின் இடது கைச் சிரைகள் ஏற்கனவே ஊசி பட்டுக் கெட்டுப்போயிருந்தன. அக்டோபரில் போட்ட ஃபிஸ்டுலா ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டது. அதில் கை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும், தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில் தொட்டேன், ஒன்றுமே இல்லை. அப்பாவிடம் சொல்லாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். சிறுநீரகப் பிரச்சினை என்று தெரிந்த நாளிலிருந்தே, டயாலிசிஸ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகாவிட்டாலும், ஒரு கையை ஒதுக்கி வைத்துவிடுங்கள். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது எல்லாம் மறு கையில், முடிந்தவரை புறங்கையில். "சிஸ்டர், இந்தக் கை வேண்டாம்" என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையில் பிரஷர்கூடப் பார்க்க விடாதீர்கள்.

அட்டை வந்த பிறகு டயாலிசிஸுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் இலவசம் என்பது படுக்கையில் ஏறிய பிறகுதான். அது வரை போய்ச் சேர்கிற செலவு நம்முடையது. ஒரு முறை 4 மணி நேரம். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் முறை. காலை ஷிஃப்ட் கிடைத்தால் முந்தின இரவே கீழே போய்ப் படுக்க வேண்டும். மாலை ஷிஃப்ட் என்றால் முடிவதற்குள் மலைக்குக் கடைசி வண்டி போயிருக்கும். மழை பெய்து மரம் விழுந்தால் அதுவும் கிடையாது. முதல் இரண்டு மாதத்தில் 9 முறை கார் பிடித்தேன், ஒவ்வொரு முறைக்கும் 2,800. ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டில் மண் சரிந்து போக முடியவில்லை. ஞாயிறு இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டே மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. 108 வந்து, ஆக்சிஜனோடு இருட்டில் 70 வளைவும் இறங்கினோம். அந்த டிரைவர் அண்ணன் யார் என்று தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. "பொட்டாசியம் கம்மியா சாப்பிடுங்க" என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பொட்டாசியம் என்று ஒரு பண்டம் கிடையாது. பலா இருக்கிறது, மலை வாழை இருக்கிறது, கிழங்கு இருக்கிறது. இவை எல்லாமே பொட்டாசியம்தான் என்று யாரும் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. இளநீரும் அப்படித்தான், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் வாங்கி வருவார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பி நின்றே போகலாம். பிறகு ஒரு டெக்னீஷியன் சொல்லிக்கொடுத்தது: மரவள்ளியைச் சின்னத் துண்டாக நறுக்கி, ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியம் ஓரளவு அதோடு போய்விடும். ருசியும் போய்விடும், வேறு வழியில்லை. தண்ணீருக்கும் கணக்கு உண்டு. முந்தின நாள் போன சிறுநீர் அளவு, அதோடு அரை லிட்டர், அவ்வளவுதான். சாறு, கஞ்சி, டீ எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அப்பா அரை லிட்டர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியில் ஊற்றிக் குடிப்பார்.

நவம்பரில் நாமக்கல்லில் ஓர் அறை எடுத்தோம், வாடகை 3,500. அலைச்சல் குறைந்தது, அப்பா வாடிப்போனார். கதவைத் திறந்தால் சுவர். நாள் முழுக்க லாரி சத்தம். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கேன், எனக்குப் பக்கத்துல யாரும் இல்ல கண்ணு" என்றார். பொங்கலுக்குப் பிறகு கழுத்துக் குழாயில் கிருமி ஏறி, நடுக்கக் காய்ச்சல், 9 நாள் வார்டு. இனி எழுதப் போவதை அம்மா படிக்க மாட்டார் என்பதால் எழுதுகிறேன். அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, எழுந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். யாருக்கு நன்றாயிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. கூட இருந்து பார்க்கிற எல்லாருக்கும் இந்த நினைப்பு ஒருமுறையாவது வரும் என்று பிறகு அங்கே காத்திருந்த மற்றவர்களிடம் பேசியபோது தெரிந்தது. வந்தால் உங்களை நீங்களே தின்றுவிடாதீர்கள். வேறு ஒருவரை நாலு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.

4 மணி நேரம் வராண்டாவில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கையில் போன்தான் கதி. அப்படி ஒரு நாள் ஆஸ்திரேலியாப் பழங்குடிகளைப் பற்றிப் படித்தேன். பாலைவனத்தில் கின்டோர் என்று ஓர் ஊர். டயாலிசிஸ் வேண்டுமென்றால் 500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குப் போய் அங்கேயே கிடக்க வேண்டும். சொந்த மண்ணையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே தனியாக வாடினார்கள். 2000-ஆம் ஆண்டு அந்தப் பிண்டுபி பழங்குடி ஓவியர்கள் தங்கள் படங்களை சிட்னியில் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004-இல் கின்டோரிலேயே மெஷின் ஓட ஆரம்பித்தது. அப்பா சொன்ன வார்த்தையும் அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விற்க எங்களிடம் ஓவியம் இல்லை, மிளகையும் ஏற்கனவே விற்றாயிற்று.

அப்போது அப்பாவுக்கு ஃபிஸ்டுலாவை மறு கையில் போட முடியுமா என்று பார்க்க வேறொரு பெரிய அரசு மருத்துவமனைக்கு வந்திருந்தோம். அங்கே இருந்த டெக்னீஷியனிடம் கேட்டுவிட்டேன். "அண்ணா, இந்த மெஷின் ஒண்ணு மலைக்கு வர வாய்ப்பிருக்கா?" அவர் சிரிக்கவில்லை. ஒரு டயாலிசிஸுக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், அதற்குத் தனி ஆர்.ஓ. பிளான்ட், நடுவில் அறுந்துபோகாத மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் என்று விளக்கினார். அப்புறம், "ஏன் தம்பி, பை டயாலிசிஸ் பத்தி உங்களுக்கு யாருமே சொல்லலையா?" என்றார்.

யாருமே சொல்லவில்லை.

வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட வேண்டும். வயிற்றுச் சவ்வே சல்லடை மாதிரி ரத்தத்தில் உள்ள கழிவை அந்தத் திரவத்துக்கு வடித்துவிடும். நாலைந்து மணி நேரம் கழித்து வெளியே எடுத்துவிட்டுப் புதுப் பை. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம், ரத்தத்தைத் தொடவே வேண்டாம். வீட்டிலேயே ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. சி.ஏ.பி.டி. என்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளும் உண்டு. அப்பாவுக்கு முதல் டயாலிசிஸ் போட்டபோது அந்தத் திட்டத்துக்கு ஒரு வயது. எங்கள் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வந்துகொண்டிருந்ததும் அதே திட்டம்தான். கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வேலையாகப் போனபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மலையில இருக்கறவங்களுக்கு அந்தச் சுத்தமெல்லாம் வராதுப்பா, இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்" என்று பதில் வந்தது. நாங்கள் எப்படி வாழ்கிறோம் என்று ஒருமுறைகூடக் கேட்காமலே முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே டயாலிசிஸ் என்று சொன்ன அன்றே கேளுங்கள்: வீட்டில் செய்கிற வகை எங்களுக்கு ஒத்துவருமா? எல்லாருக்கும் ஒத்துவராது. வயிற்றில் பெரிய ஆபரேஷன்கள் நடந்திருந்தாலோ, குடலிறக்கம் இருந்தாலோ மருத்துவர் யோசிப்பார். திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சுகர் இருப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணம் கேளுங்கள். "உங்களால் முடியாது" என்பது மருத்துவக் காரணம் ஆகாது. ஒருவர் மறுத்தால் பெரிய அரசு மருத்துவமனையின் சிறுநீரகத் துறையில் இன்னொருமுறை கேளுங்கள்.

2023 ஏப்ரலில் குழாய் வைத்தார்கள். புண் ஆற இரண்டு வாரம் விட்டு, பிறகு பயிற்சி. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா பார்த்தே பிடித்துக்கொண்டார். ஜன்னலையும் கதவையும் சாத்துவது, மாஸ்க், ஃபேனை நிறுத்துவது, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவது, இணைப்பு முனையை எதிலும் படாமல் பிடிப்பது. சாமிக்குப் படைக்கிற நாளில் அடுப்படியில் எப்படி இருப்பாரோ அதே ஒழுங்கு. சிஸ்டர் வைத்த பரீட்சையில் நான் ஒரு தப்பு செய்தேன், அம்மா செய்யவில்லை. வீட்டில் ஒரு மூலையைத் தடுத்து, தரைக்கு சிமென்ட் போட்டு, சுவரில் கொக்கி அடிக்க 22,000 ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் அடகு வைத்த நகையில் பாதி வீட்டில் இருந்திருக்கும்.

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு மூன்று என்றால் மாதம் 90 பை, 180 கிலோவுக்கு மேல் கனம். எங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஜீப்பும், கடைசி ஒரு கிலோமீட்டர் தலைச்சுமையும். மழைக்காலத்துக்கு முன்னால் பத்து நாள் பையாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள், பாதை எப்போது அடைக்கும் என்று தெரியாது. மார்கழிக் குளிரில் பையை அப்படியே ஏற்றினால் வயிற்றுக்குள் ஐஸ் வைத்த மாதிரி உடம்பு உதறும். வெந்நீரில் போடக் கூடாது, ஈரத்தில் கிருமி சேரும். கரண்டு இருந்தால் ஹீட்டிங் பேடில் சுற்றி வைக்கிறோம், இல்லாவிட்டால் கறுப்புத் துணியில் மூடி வெயிலில். மலச்சிக்கல் வந்தால் குழாய் சரியாக வடியாது. இதை யாரும் சொல்லவில்லை, குழாய் அடைத்துவிட்டது என்று பயந்து கீழே ஓடியபோதுதான் தெரிந்தது. புரதமும் திரவத்தோடு போய்விடும், அதனால் முட்டை வெள்ளைக்கரு தினமும் வேண்டும்.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. வெளியே வரும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா காலண்டரில் உள்ள முருகன் படத்தை வைத்துப் பார்ப்பார். போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை, "முருகன் தெரியலடா" என்று கூப்பிட்டார். பையில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கல். வயிற்று வலி, லேசாகக் காய்ச்சல். அந்தப் பையைக் கொட்டாமல் கட்டி எடுத்துக்கொண்டு அன்றே கீழே போனோம். பையில் மருந்து கலந்து ஏற்றி இரண்டு வாரத்தில் சரியானது. நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஒரு தடவைதான் வந்தது. "மலையில இருக்கறவங்களுக்குச் சுத்தம் வராது" என்றவருக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

இப்போது மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குத்தான் இறங்குகிறோம். தினமும் வடிவதால் பொட்டாசியம் முன்பு போல் ஏறுவதில்லை. இந்த வைகாசியில் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவுக்கு இரண்டு பலாச்சுளை கொடுத்தோம். இரண்டுதான் என்று சொல்லியும், எண்ணத் தெரியாதவர் மாதிரி மூன்றாவதை எடுத்துவிட்டார். மிளகு ஏணியில் ஏற விடுவதில்லை, கீழே நின்று எங்களை அதிகாரம் செய்கிறார். பை வருகிற அட்டைப் பெட்டிகளுக்கு ஊரில் ஏகக் கிராக்கி. கோழிக்குஞ்சு அடைக்க அதைவிட நல்ல பெட்டி கிடையாதாம். இந்த மாதப் பெட்டிக்கு மூன்று வீட்டுக்காரர்கள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.